திண்டுக்கல் கோட்டையிலிருந்து கிளாவரை வரை: பழனிமலையில் மூன்று நாள் கார்ப் பயணம், படிப்படியாக

வத்தலக்குண்டில் வீடு இருந்தால் ஒரு வசதி, ஒரு தொல்லை. கொடைக்கானல் போகும் சொந்தக்காரர்கள் எல்லாரும் நம் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் மலையேறுவார்கள். திரும்பி வரும்போது அவர்கள் சொல்லும் கதைகளும் ஏறக்குறைய ஒன்றுதான்: கோட்டை பூட்டிவிட்டார்கள், பள்ளத்தாக்கில் ஒன்றுமே தெரியவில்லை, இறங்கும்போது பிரேக்கில் புகை வந்தது. பார்த்த இடங்களில் குறையில்லை. பார்த்த வரிசைதான் தப்பு. அதனால் இங்கே இடங்களைவிட நேரத்தைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

1. முதலில் வரிசையை முடிவு செய்யுங்கள்

முதல் நாள் காலை திண்டுக்கல் மலைக்கோட்டை, மதியத்துக்குள் கொடைக்கானல். இரண்டாம் நாள் விடிந்ததும் பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை என்று மேல்மலைப் பள்ளத்தாக்குகள். மூன்றாம் நாள் காலை பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்கி, விருப்பாச்சி, ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல்லுக்கே திரும்புதல். ஒரு முழு வட்டம்.

இந்த வரிசைக்குக் காரணம் வெயிலும் மூடுபனியும். கோட்டை மொட்டைப் பாறை. பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. மேல்மலையில் பெரும்பாலான நாட்களில் மதியத்துக்குமேல் மேகம் வந்து உட்கார்ந்துவிடும். ஆக இரண்டுக்குமே காலைதான் வேண்டும். ஒரே நாளில் இரண்டு காலை கிடைக்காது, அவ்வளவுதான் கணக்கு.

கோவை, திருப்பூர் பக்கமிருந்து வருபவர்கள் வட்டத்தைத் திருப்பிப் போடலாம்: பழனியில் ஏறி வத்தலக்குண்டில் இறங்குவது. ஆனால் கடைசி இரவைத் திண்டுக்கல்லில் தங்குங்கள். இறங்கிய கையோடு சாயங்காலம் கோட்டை ஏறலாம் என்று திட்டமிட்டவர்களில் கோட்டையைப் பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை சாலை உலர்ந்திருக்கும், காட்சி தெளிவாக இருக்கும். இரவுக் குளிர் கடுமை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண் சரிவும் மரம் விழுவதும் அப்போதுதான். ஏப்ரல், மே மாதங்களில் வந்தால் பள்ளத்தாக்கைவிட முன்னால் நிற்கும் வண்டியின் பின்கண்ணாடியைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். தைப்பூசம், பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். பாதயாத்திரைக் கூட்டம் பழனிச் சாலையின் ஓரமெல்லாம் நடக்கும். அந்த நேரத்தில் நம் வண்டி அங்கே இடைஞ்சல்.

2. வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை: இ-பாஸ், தண்ணீர், ரொக்கம்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச்சீட்டு, எடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தங்கும் தேதி, தங்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். அரசுப் பேருந்தில் போனால் இது தேவையில்லை.

இதில் புதியவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. முதலாவது, ஊட்டிக்கு எடுத்ததைக் கொடைக்கானலில் காட்டுவது. இரண்டும் தனித்தனிப் பாஸ். இரண்டாவது, அடிவாரத்தில் நின்று போனில் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்புவது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள். வரம்பு இருக்கும் நாளில் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது. எடுத்த பாஸை ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் நிற்கும்போது சிக்னல் இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டிலுக்குக் கொடைக்கானலில் பசுமை வரி என்று பாட்டிலுக்கு 20 ரூபாய் வாங்குகிறார்கள். காசு போவதைவிட, குழந்தைகளை வண்டியில் வைத்துக்கொண்டு சாவடியில் வாக்குவாதம் செய்வதுதான் வீண்.

ரொக்கம் கொஞ்சம் வேண்டும். மேல்மலைக் கிராமங்களில் கடைக்காரரிடம் கியூஆர் அட்டை இருக்கும், நம் போனில் சிக்னல் இருக்காது.

3. வண்டியில் பார்க்க வேண்டியவை

பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலன்ட், டயர், ஸ்டெப்னி. இந்த ஐந்தையும் கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே பாருங்கள். முந்தைய நாள் பார்த்துக் குறை கண்டால் சரிசெய்ய நேரம் இருக்காது. "போய்ட்டு வந்து பாத்துக்கலாம்" என்று மனசு சொல்லும்.

பிரேக் ஆயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும், அப்போது பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. மலை இறக்கத்தில்தான் காட்டிக்கொடுக்கும். மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். கூடவே செங்கல் அளவில் ஒரு மரக்கட்டை டிக்கியில் கிடக்கட்டும். சரிவில் நிறுத்தும்போது டயருக்கு அடை கொடுக்க உதவும்.

4. முதல் நாள் காலை: கோட்டை

கதவு திறக்கும் நேரத்துக்கே அடிவாரத்தில் இருங்கள். முந்தைய இரவு திண்டுக்கல்லில் தங்குவது நல்லது. மதுரையிலிருந்து என்றால் அறுபத்தைந்து கிலோமீட்டர்தான், விடியற்காலையில் கிளம்பினால் சரியாக இருக்கும். இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் நுழைவுச்சீட்டு உண்டு. மாலையில் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஏறத் தொடங்குமுன் கழிவறைக்குப் போய்விடுங்கள், தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே கடை கிடையாது. படிகள் பாறையிலேயே வெட்டியவை. உயரம் குறைவு, அகலம் அதிகம். நிதானமாக ஏறினால் அரை மணி நேரம். வழுக்கைப் பாறை என்பதால் செருப்பைவிட ஷூ நல்லது, மழை பெய்த மறுநாள் கட்டாயம் ஷூதான். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். குரங்குகள் உங்களை அடிவாரத்திலேயே குறித்துவைத்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் முதலில் பார்க்கும் அறையிலும் மதிலிலும் படமெடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அது தலைகீழ். முதலில் நேராக உச்சிக்குப் போங்கள். அங்கே மூலவர் இல்லாத அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது, நிழல் குறைவு. வெயில் ஏறுவதற்குள் அதை முடித்துவிட்டு, இறங்கி வரும்போது மதிலை ஒட்டி நடந்து பீரங்கி மேடை, படைவீரர் அறைகள், வெடிமருந்துக் கிடங்கு என்று பாருங்கள். அறைகளுக்குள் நிழலும் குளிர்ச்சியும் இருப்பதால் ஒன்பதரை மணிக்குக்கூடப் பொறுமையாகப் பார்க்கலாம்.

கோட்டை எதற்காக இங்கே என்பது மதிலில் நின்றால் தானாகப் புரியும். 1605-இல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கியது, பிறகு ஐதர் அலி கைக்கு வந்தது. மேற்கே பார்த்தால் இன்று நீங்கள் ஏறப்போகும் மலைத்தொடர் முழுதும் சுவர் மாதிரி நிற்கும். அந்த மலைக்கும் சிறுமலைக்கும் நடுவில் எந்தப் படை வந்தாலும் இந்தப் பாறையிலிருந்து தெரியும். மூடுபனி அந்த மலையில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் இங்கிருந்தே பார்த்துவிடலாம், அது நமக்குத் தேவையான தகவல்.

பத்து மணிக்குள் கீழே இறங்கிவிடுங்கள்.

5. வத்தலக்குண்டு: கடைசி நிறுத்தம்

திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டு சீரகசம்பா பிரியாணி சாப்பிடாமல் எப்படி என்று கேட்பீர்கள். சாப்பிடுங்கள், ஆனால் மூன்றாம் நாள் திரும்பி வரும்போது. பிரியாணியை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மலையேறியவர்கள் வழியிலுள்ள டம்டம் பாறைக் காட்சிமுனையில் என்ன செய்கிறார்கள் என்பதை நான் விவரிக்க வேண்டாம். ஏறும் நாளில் இட்லி, அதுவும் நாலு.

வாந்தி வருபவர்களுக்கு மாத்திரை கொடுப்பதானால் மலை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு, அதாவது வத்தலக்குண்டில் கொடுக்க வேண்டும். முதல் வளைவில் கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். அவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள், போனைப் பார்க்க விடாதீர்கள். கண் ஓரிடத்திலும் உடல் வேறு திசையிலும் போவதால்தான் தலை சுற்றுகிறது.

டேங்க்கை இங்கே நிரப்பிவிடுங்கள். கொடைக்கானலில் பங்க் உண்டு. அதைத் தாண்டிய மேல்மலையில் நம்பி இருக்க முடியாது.

6. ஏற்றம்

காட்ரோடு என்ற இடத்திலிருந்து மலைச்சாலை. இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, கியரை மாற்றத் தயங்குவது. மூன்றாவது கியரில் வண்டி திணறி நடுங்கிய பிறகு இரண்டாவதுக்கு வருகிறார்கள், அதற்குள் வேகம் செத்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் ஒரே சீராக ஆக்சிலேட்டரில் போங்கள். அரை கிளட்ச்சில் தொங்கவிட்டால் கிளட்ச் பிளேட் கருகும். அந்த வாசனை ஒருமுறை வந்தால் மறக்காது.

வளைவில் ஹாரன் அடியுங்கள், உங்கள் இடதுபக்கத்திலேயே இருங்கள். வளைவை அறுத்துக்கொண்டு வலதுபக்கம் போவது பேருந்துக்கு மட்டும் வேறு வழியில்லாமல் நடப்பது, அதற்கு இடம் விட வேண்டியது நாம்தான். ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது மலைச்சாலை விதி. சரிவில் நின்றால் மறுபடி கிளப்புவது ஏறுபவருக்குத்தான் கடினம். இதை மூன்றாம் நாள் இறங்கும்போதும் நினைவில் வையுங்கள். அப்போது ஒதுங்க வேண்டியவர் நீங்கள்.

டம்டம் பாறையில் நின்றால் தலையாறு அருவி, அதாவது எலிவால் அருவி, எதிர்மலையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். வண்டியை நிறுத்துமிடத்தில் மட்டும் நிறுத்துங்கள். வளைவில் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கிப் படமெடுப்பவர்களால்தான் பாதி நெரிசல். வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அருகே சுங்கச்சாவடி, அங்கே இ-பாஸ் பார்ப்பார்கள். மதியம் ஒன்றரை, இரண்டுக்குள் ஊருக்குள் வந்துவிடலாம்.

கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டால், அடிவாரத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர். ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைத்தவர்கள் நடுரோட்டில் பெட்டியைப் பிரிப்பார்கள். மேலேயே வையுங்கள்.

7. கொடைக்கானலில் அன்று மாலை

ஏரியைச் சுற்றுங்கள், சீக்கிரம் தூங்குங்கள். மற்ற காட்சிமுனைகளுக்கு ஓட வேண்டாம், நாளைக்கு ஐந்து மணிக்கு எழ வேண்டும்.

அறை பதிவு செய்யும்போது பார்க்க வேண்டியது ஒன்றே: கார் நிறுத்த இடம் அறைக்கு அருகிலா, அதற்குச் செங்குத்தான இறக்கம் உண்டா என்று கேளுங்கள். காலையில் பனி ஈரத்தில் அந்த ஏற்றத்தை ரிவர்ஸில் ஏறுவதுதான் சிலருக்கு மொத்தப் பயணத்திலும் கஷ்டமான ஓட்டம்.

இருட்டிய பிறகு ஊருக்குள்ளேயே காட்டுமாடு நிற்கும். ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டை டிம் செய்து காத்திருங்கள். பார்க்கச் சாதுவாக இருக்கிறதே என்று இறங்கிப் படமெடுக்கப் போகக்கூடாது.

8. இரண்டாம் நாள்: பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை

இந்தப் பயணத்தின் உயிர் இந்த நாள்தான். காலை ஆறரைக்குள் கிளம்ப வேண்டும். சாப்பாட்டைக் கட்டிக்கொள்ளுங்கள், வழியில் டீக்கடைகள் உண்டு, ஆனால் எது எப்போது திறக்கும் என்பது அந்தக் கடைக்காரரின் மனநிலை.

சரியான முறை, கடைசி ஊருக்கு முதலில் போய்விட்டு, திரும்பும் வழியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது. எல்லாரும் பூம்பாறையில் இறங்கி, படமெடுத்து, பூண்டு வாங்கி, கோயில் கும்பிட்டு, பதினோரு மணிக்கு மன்னவனூர் வந்து, ஒரு மணிக்குக் கிளாவரை போய்ச் சேரும்போது பள்ளத்தாக்கை மேகம் மூடிவிட்டிருக்கும். பூம்பாறை கொடைக்கானலுக்கு இருபது கிலோமீட்டருக்குள். அதைத் திரும்பும்போது பார்க்கலாம், நேரம் தவறினாலும் நஷ்டமில்லை. தூரத்தில் இருப்பதற்குத்தான் காலை வெளிச்சம் தேவை. ஒரே விதிவிலக்கு பூம்பாறைக்கு மேலுள்ள காட்சிமுனை. அங்கே மட்டும் போகும்போதே ஐந்து நிமிடம் நில்லுங்கள். படிப்படியாக இறங்கும் வயல்களும் நடுவில் ஊரும் காலைச் சாய்வெயிலில் தெரிவது போல மதியம் தெரியாது.

மன்னவனூர் முப்பத்தைந்து கிலோமீட்டர் வாக்கில். அதைத் தாண்டிக் கவுஞ்சி, பூண்டி, கடைசியில் கிளாவரை. சாலை ஒற்றை வழிபோலக் குறுகும். எதிரே பேருந்தோ காய்கறி லாரியோ வந்தால் யார் பின்னால் போவது என்பதில் கௌரவம் பார்க்காதீர்கள். அகலமான இடம் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவர்தான் போக வேண்டும். அதனால் ஓட்டும்போதே கடைசியாகக் கடந்த அகலமான இடம் எது என்று மனதில் குறித்துக்கொண்டே போங்கள். இதை ஒரு பழக்கமாக்கிவிட்டால் இந்தச் சாலையில் பயமே இல்லை.

கிளாவரையோடு கார்ச் சாலை முடிகிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எதிரே தெரிவது கேரள மலை, வட்டவடைப் பக்கம். வரைபடத்தில் மூணாறு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். "அண்ணே, இப்படியே மூணாறு போயிரலாமா?" என்று அங்கே கேட்காத வெளியூர்க்காரர் இல்லை. போக முடியாது. பேரிஜம் ஏரி வழியாக, மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனுக்குப் போன பழைய சாலையும் மூடிக்கிடக்கிறது. மூணாறு போவதானால் மலையிறங்கித் தேனி, போடி வழியாக மறுபடி ஏற வேண்டும்.

பத்தரை மணிக்குள் கிளாவரையிலிருந்து திரும்புங்கள். மன்னவனூரில் புல்வெளியும் ஏரியும், மத்திய அரசின் ஆட்டுப்பண்ணையும். கூக்கால் ஏரிக்குத் தனிச்சாலை பிரிகிறது. மணி பன்னிரண்டுக்குள் இருந்தால் மட்டும் போங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பேரிஜத்தை இந்த நாளோடு சேர்க்காதீர்கள், அது வேறு சாலை, வனத்துறை அனுமதி வேறு வாங்க வேண்டும்.

பூம்பாறைக்குள் காரைக் கொண்டுபோக வேண்டாம். மேலேயே நிறுத்திவிட்டுக் குழந்தை வேலப்பர் கோயிலுக்கு நடந்து போங்கள், தெருக்கள் அவ்வளவு குறுகல். மலைப்பூண்டு வாங்குவதானால் இங்கேதான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. தண்டோடு கட்டித் தொங்கவிட்டதைக் கேளுங்கள், சமையலறைப் புகை படுகிற இடத்தில் மாட்டினால் மாதக்கணக்கில் இருக்கும். காரில் வைக்கும்போது டிக்கியில். என் பேச்சைக் கேட்காமல் பின்சீட்டில் வைத்த என் அத்தையின் சேலை இன்னும் மணக்கிறது.

9. மூடுபனி பிடித்துக்கொண்டால்

ஒருமுறை நானே சொன்ன விதியை மீறி, நாலு மணிக்கு மன்னவனூரிலிருந்து கிளம்பினேன். பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரச் சாலை மூன்றரை மணி நேரம் ஆனது.

அப்போது செய்ய வேண்டியவை: லைட்டை லோ பீமில் வையுங்கள். ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். கண்ணாடியை நாலு விரல் இறக்குங்கள். எதிரே வரும் வண்டியைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடிக்கும், உட்கண்ணாடி ஆவி படிவதும் நிற்கும். பாட்டை நிறுத்துங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. நின்றால் மட்டும் போடுங்கள், அதுவும் சாலையை விட்டு முழுதாக ஒதுங்கிய பிறகு.

10. மூன்றாம் நாள்: பழனிக்கு இறக்கம்

கொடைக்கானலிலிருந்து பழனி 64 கிலோமீட்டர். பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையை விட்டுப் பிரிய வேண்டும். இது குறுகல், ஆனால் கூட்டம் குறைவு; ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வத்தலக்குண்டுப் பக்கம் நெரிந்துகொண்டிருப்பார்கள். கடைகள் அதிகமில்லாத காட்டுவழி என்பதால் எட்டு மணிக்குக் கிளம்புங்கள், சாயங்காலத்துக்கு ஒத்திப்போடாதீர்கள்.

இறக்கத்துக்கு ஒரே ஒரு விதி: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது மேனுவல் நிலை. பிரேக்கைத் தொடர்ந்து லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் ஆபத்து. வளைவுக்கு முன் நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விட்டுவிட வேண்டும். இடைவெளி கிடைத்தால்தான் பேட் ஆறும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய எஞ்சின்கள் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டர் விட்டால் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரிபொருள் போகும். ஆக மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை. எஞ்சினை அணைத்து இறக்கினால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி நின்றுபோய்ப் பெடல் கல்லாகிவிடும்.

என் மச்சான் இப்படித்தான் மூன்றாவது கியரில், கால் பிரேக்கிலேயே இருக்க இறங்கினான். பாதி வழியில் கருகிய வாசனை. "பிரேக் உள்ள போகுது மாமா" என்றான். நல்லவேளை, ஏறுமுகமான ஒரு திருப்பம் வந்தது. முதல் கியருக்குக் கொண்டுவந்து ஒதுக்கினோம். அவன் அவசரப்பட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான், கையைப் பிடித்துக்கொண்டேன். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும். கியரில் விட்டு, டயருக்கு அந்த மரக்கட்டையை அடைகொடுத்து, ஹேண்ட்பிரேக் போடாமல் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பெடல் பழைய இறுக்கத்துக்கு வந்த பிறகே கிளம்பினோம்.

அடிவாரம் நெருங்கும்போது பாலாறு பொருந்தலாறு அணை கீழே விரியும். அதுதான் இறக்கம் முடியப்போகிறது என்பதற்கு அடையாளம், வேகம் கூட்டலாம் என்பதற்கு அல்ல. கடைசி வளைவுகளில்தான் களைப்பும் அலட்சியமும் சேரும்.

11. விருப்பாச்சி, ஒட்டன்சத்திரம், வீடு

பழனியில் சாமி கும்பிடுவதானால் அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். இல்லையென்றால் நேராக விருப்பாச்சி. பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஊர். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த இடம். திண்டுக்கல் மாதிரி ஏறிப்பார்க்கக் கோட்டை இருக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள், மணிமண்டபம்தான் இருக்கிறது. அரை மணி நேரம் போதும். கிடைத்தால் மலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்குங்கள். தோல் கறுக்க ஆரம்பித்த பிறகுதான் ருசி, அதனால் அழகான சீப்பைத் தேட வேண்டாம்.

மதியம் இரண்டுக்குள் திண்டுக்கல். இப்போது பிரியாணி சாப்பிடலாம். மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு பேடின் தடிமனை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது.